டிராஃப்டுக்கு பிரெஞ்சில் என்ன என்று கேட்டீர்களே, அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். போன ஞாயிறு போனில் "டிராஃப்டுக்கு பிரெஞ்சில் என்னடா?" என்று கேட்டீர்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே "ப்ரூயோன்" என்று சொல்லி முடித்துவிட்டேன். அது தப்பில்லை, ஆனால் முப்பது வருஷம் பேங்க் கவுண்டரில் உட்கார்ந்து டிடி, அதாவது டிமாண்ட் டிராஃப்ட், எழுதிக் கொடுத்தவருக்குச் சொல்ல வேண்டிய பதில் அது இல்லை. அன்றிலிருந்து மனசு கேட்கவில்லை. போனில் சொன்னால் பாதி காதில் விழாது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ப்ரூயோன் நான் முதலில் தெரிந்துகொண்ட வார்த்தை. அரசாங்கம் இலவசமாக நடத்தும் பிரெஞ்சு வகுப்பில் டீச்சர் முதல் வாரமே எல்லாரையும் செல்போனை பிரெஞ்சுக்கு மாற்றச் சொன்னார். மாற்றியதும் மெயிலில் டிராஃப்ட்ஸ் இருந்த இடத்தில் ப்ரூயோன் என்று வந்தது. கலக்கு, குழப்பு என்கிற வினையிலிருந்து பிறந்த சொல் அது. முட்டையை அடித்துக் கலக்கிப் பொரித்தால் அதற்கும் அதே வினை, மூடுபனிக்கு வைத்திருக்கும் ப்ரூயார் என்ற பெயரும் அதே குடும்பம். நம் 'வரைவு' ஏதோ கோடு போட்டு வரைந்த மாதிரி சுத்தமாக இருக்கிறது. பிரெஞ்சுக்காரன் வார்த்தையிலோ அடித்தல் திருத்தல் எல்லாம் அப்படியே தெரிகிறது. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நீங்கள் எழுதிப் பார்க்கும் மனுக்கள்தான் எனக்கு ஞாபகம் வந்தன, மூன்று வரியை அடித்து ஓரத்தில் நாலாவது வரியை நுழைத்திருப்பீர்களே, அதுதான் ப்ரூயோன்.

அப்புறம் அந்த ஜன்னல் விஷயம். உங்களிடம் அப்போது சொல்லவில்லை, அம்மா பயப்படுவாள் என்று. இங்கே கனடாவில், மாண்ட்ரியாலில் வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் ஜூலை 1-ல்தான் ஆரம்பிக்கும், ஊரே அன்றைக்கு வீடு மாறும். நானும் அன்றுதான் குடிவந்தேன். கோடையில் ஜன்னலில் இடுக்கு இருப்பது யாருக்குத் தெரியும்? டிசம்பரில் மைனஸ் 20 வந்தபோது தெரிந்தது. இடுக்கு வழியாக உள்ளே வரும் காற்றுக்கும் ஆங்கிலத்தில் டிராஃப்ட்தான். வீட்டுக்காரருக்கு பிரெஞ்சு மட்டும்தான் வரும். "ஜன்னல் பக்கம் டிராஃப்ட் இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் தட்டி, செல்போனில் மொழிபெயர்த்து அனுப்பினேன். அது ப்ரூயோன் என்று மாற்றியிருக்கிறது. அவருக்கு என்ன புரியும், ஜன்னல் பக்கம் ஏதோ எழுதிப் பார்த்த தாள் கிடக்கிறது என்றுதானே? நான்கு இரவு ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுத் தூங்கினேன், அவர் மேல் கோபம் வேறு. ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டு எந்தத் தாள், என்ன தாள் என்று பொறுமையாகக் கேட்டார்.

அன்று வகுப்பில் டீச்சர் சொல்லிக் கொடுத்தது 'கூரான் தெர்'. காற்றின் ஓட்டம். அதை எழுதி அனுப்பியதும் சாயங்காலமே வந்துவிட்டார், கையில் ஒரு சுருள் ரப்பர் பட்டை. அதற்குப் பெயர் 'கூப் ஃப்ருவா', குளிர்வெட்டி என்று அர்த்தம். எங்கே ஒட்டுவது என்று அவர் தடவித் தடவிப் பார்க்க, நான் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் சட்டத்தை ஒட்டி மெதுவாக நகர்த்தினேன். புகை நேராக மேலே போய்க்கொண்டே இருந்தது. இடது கீழ் மூலைக்கு வந்ததும் சட்டென்று அறைக்குள்ளே படுத்தது. "இங்கே, இங்கே" என்று அவர் கத்தியதில் குழந்தை விழித்துக்கொண்டாள்.

இதில் நான் யோசித்துப் பார்த்தது ஒன்று உண்டு. குளிர்காற்று வெளியிலிருந்து தள்ளிக்கொண்டு வருகிறது என்றுதான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லையாம். வீட்டுக்குள் சூடான காற்று லேசாகி மேலே ஏறி மாடி இடுக்குகளில் வெளியேறுகிறது, அந்த இடத்தை நிரப்பக் கீழே உள்ள இடுக்கு வழியாக வெளிக்காற்றை வீடே இழுக்கிறது. அடுப்புப் புகைபோக்கி வேலை செய்வதும் இப்படித்தான். அதற்கும் ஆங்கிலத்தில் டிராஃப்ட்தான், பிரெஞ்சில் 'திராஜ்', அதாவது இழுப்பு.

இழுப்பு. இங்கேதான் உங்கள் டிடி வருகிறது. பழைய கார் ஒன்று வாங்கினேன் அல்லவா, விற்றவர் காசோலை வேண்டாம், 'த்ரெத்' கொண்டு வா என்றார். பேங்க் டிராஃப்டுக்கு இங்கே அதுதான் பெயர். கவுண்டரில் இருந்த பெண் எழுதிக் கொடுத்தபோது நீங்கள் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு எழுதுவது கண் முன்னால் வந்தது. டிராஃப்ட் எழுதுபவர் டிராயர், பணம் கொடுக்க வேண்டியவர் டிராயீ என்று நீங்கள் எனக்குப் பாடம் எடுத்தீர்களே, பிரெஞ்சில் அவர்கள் 'திரர்', 'திரே'. இழுப்பவன், இழுக்கப்படுபவன். டிராஃப்ட் என்ற ஆங்கிலச் சொல்லே இழு என்று பொருள்படும் பழைய வினையிலிருந்து வந்ததுதான். ஒரு கிளை இன்னொரு கிளையிலிருந்து பணத்தை இழுக்கிறது, அவ்வளவுதான் டிடி. த்ரெத் என்பதும் லத்தீனில் இழுப்பதற்கு இருந்த வினையின் வழியாக வந்தது, டிராக்டரும் அதே வேர். இன்னொரு அழகு, மாட்டில் பால் கறப்பதற்கும் பிரெஞ்சில் த்ரெத் என்றே பெயர். காம்பை இழுக்கிறோம் இல்லையா.

இப்படிப் பார்த்தால் வண்டி இழுக்கும் குதிரை டிராஃப்ட் ஹார்ஸ். பீப்பாயிலிருந்து குழாயில் இழுத்து ஊற்றும் பியரும் டிராஃப்ட். கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு ஆழம் அமிழ்கிறது என்பதும் டிராஃப்ட்தான், பிரெஞ்சில் 'திரான் தோ'. 1959-ல் திறந்த செயின்ட் லாரன்ஸ் கால்வாய்ப் பாதையில் சுமார் 8 மீட்டருக்கு மேல் அமிழும் கப்பலை விட மாட்டார்கள். நம் தமிழிலும் பாருங்கள், மூச்சை இழு, கோடு இழு, பீடி இழு, எல்லாம் ஒரே வினை. பிரெஞ்சில் கோடு போடுவதற்கும் சிகரெட் இழுப்பதற்கும் இழு என்கிற அதே 'திரே' வினைதான். இது தெரிந்த நாளிலிருந்து பிரெஞ்சு எனக்கு அந்நியமாகவே படவில்லை, நிஜமாகச் சொல்கிறேன்.

ஆனால் எல்லா இடத்திலும் இது செல்லாது. ஐஸ் ஹாக்கி அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுப்பதும் டிராஃப்ட். இங்குள்ள பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல் முதல் டிராஃப்ட்டை 1963-ல் இதே மாண்ட்ரியாலில்தான் நடத்தியது. இங்கே அதை 'ரெபெஷாஜ்' என்கிறார்கள், தண்ணீரிலிருந்து திரும்ப மீன் பிடித்து எடுப்பது. இந்த வார்த்தை உங்களுக்குத் தெரியும் அப்பா. 2008-ல் சுஷில் குமாரும் 2016-ல் சாக்‌ஷி மாலிக்கும் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் தோற்ற பிறகு இன்னொரு வாய்ப்பு கிடைத்து வெண்கலம் வாங்கினார்களே, பேப்பரில் ரெபசாஜ் என்று போட்டிருந்தார்கள், அதே சொல்.

கட்டாய ராணுவச் சேர்ப்புக்கு அமெரிக்காவில் டிராஃப்ட் என்பார்கள். பிரெஞ்சில் 'கோன்ஸ்க்ரிப்ஸியோன்', பட்டியலில் பேரை எழுதுவது. இந்த வார்த்தையை மட்டும் இங்கே சாதாரணமாகச் சொல்லிவிட முடியாது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 ஏப்ரலில் கட்டாயமாக ஆளெடுப்பது பற்றி நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தபோது பிரெஞ்சு பேசும் இந்த கியூபெக் மாகாணத்தில் 100-க்கு 70 பேருக்கு மேல் வேண்டாம் என்றார்கள், மற்ற மாகாணங்கள் சரி என்றன. கூட வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன், டீ குடிப்பதை நிறுத்திவிட்டு அவர் அப்பாவைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்.

ஒரு சந்தேகம் எனக்கு பாக்கி. கவுண்டரில் வருகிறவர்களிடம் டிராயீ பிராஞ்ச் என்றா சொல்வீர்கள், இல்லை தமிழில் வேறு வார்த்தை வைத்திருந்தீர்களா? ஞாயிறு போனில் சொல்லுங்கள், டீச்சரிடம் சொல்ல வேண்டும். ஜன்னல் இப்போது சரியாகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பு மகன்