'தெரியாது' என்ற பதிலுக்கும் ஒரு கட்டம் போடுங்கள்

கருத்துக் கணிப்பு நடத்துபவர்களுக்கும், தெருவில் மைக் நீட்டும் செய்தியாளர்களுக்கும், விவாத நெறியாளர்களுக்கும்

வணக்கம்.

'விவரம் தெரியாமலே ஆளாளுக்குக் கருத்துச் சொல்கிறார்கள்' என்று அடிக்கடி அலுத்துக்கொள்கிறீர்கள். கேள்வித்தாள் எழுதுவதையே வேலையாகக் கொண்ட எங்களுக்கு அதில் பாதிதான் உடன்பாடு. மீதிப் பாதிக்குப் பொறுப்பு, கேட்கிறவர்கள். எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஜார்ஜ் பிஷப்பும் சக ஆய்வாளர்களும் செய்து 1980-ல் வெளியிட்ட சோதனை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். '1975-ம் ஆண்டின் பொது விவகாரச் சட்டத்தை' ரத்து செய்ய வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்டார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பதில் சொன்னார். 1995-ல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதே இல்லாத சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தபோது 43 சதவீதம் பேருக்குக் கருத்து இருந்தது. சிலரிடம் 'ரத்து செய்யச் சொல்வது அதிபர் கிளின்டன்' என்றும், வேறு சிலரிடம் 'குடியரசுக் கட்சியினர்' என்றும் சேர்த்துக் கேட்டார்கள். கருத்துச் சொன்னவர்கள் இன்னும் கூடினார்கள். பதில்களும் கட்சிவாரியாகப் பிரிந்தன.

இவர்கள் பொய்யர்கள் அல்ல. சட்டம் தெரியாது, சொன்ன ஆளைத் தெரியும். அதை வைத்து ஊகித்தார்கள். வரி, தடுப்பூசி, அணுமின் நிலையம் என்று எல்லாவற்றையும் மூலத்தில் படித்துவிட்டுப் பேச யாராலும் முடியாது. கருத்தைக் கடன் வாங்குவதில் தப்பில்லை. வாங்கியது மறந்துபோவதுதான் சிக்கல். 1951-ல் ஹோவ்லண்ட், வைஸ் என்ற ஆய்வாளர்கள் ஒரே கட்டுரையைச் சிலருக்கு நம்பத்தகுந்தவர் எழுதியதாகவும், சிலருக்கு நம்பத்தகாதவர் எழுதியதாகவும் கொடுத்தார்கள். படித்த உடனே முதல் கூட்டத்தில்தான் மனம் மாறியவர்கள் அதிகம். நான்கு வாரம் போனதும் அந்த வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. யார் சொன்னது என்பது மனதிலிருந்து கழன்றுவிடும், சொன்னது தங்கிவிடும். அதையே நாலு பேர் வாயால் கேட்டால் உண்மை போலவும் தோன்றும். கடைசியில் 'நான் நினைக்கிறேன்' என்று வெளியே வரும்.

இந்த நிலையில் இருப்பவர் முன்னால் மைக் வருகிறது. 'புதுச் சட்டத்தைப் பத்தி என்ன நினைக்கிறீங்க?' கேமராவின் சிவப்பு விளக்கு எரிகிறது, பின்னால் நாலு பேர் எட்டிப் பார்க்கிறார்கள், யோசிக்க மூன்று விநாடி. கேள்வியே அவருக்கு ஒரு நினைப்பு இருப்பதாக முடிவு கட்டிக்கொண்டு வருகிறது. 'தெரியாதுங்க' என்றால் எடிட்டிங்கில் போய்விடும். உரக்கச் சொன்னால் ஒளிபரப்பாகும். இதில் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

ஆகவே முதல் கேள்வி வடிகட்டியாக இருக்கட்டும். 'இது உங்களுக்குத் தெரியுமா?' என்று மட்டும் கேட்காதீர்கள். பரீட்சை மாதிரி இருக்கும், பாதிப் பேர் 'தெரியுமே' என்பார்கள். 'இதைப் பற்றி யோசித்துப் பார்க்கப் பலருக்கு நேரம் கிடைப்பதில்லை. உங்களுக்கு ஒரு கருத்து இருக்கிறதா, இன்னும் இல்லையா?' என்று கேளுங்கள். 'இன்னும்' என்ற அந்த ஒரு சொல்தான் மரியாதையைக் காப்பாற்றுகிறது. சின்சினாட்டியிலும் இப்படி வடிகட்டிக் கேட்டபோது, இல்லாத சட்டத்துக்குக் கருத்துச் சொன்னவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். படிவத்தின் அடியில் 'தெரியாது' என்று அச்சடித்துவிட்டு, களப்பணியாளர் அதை வாய்விட்டுப் படிக்காமல் விட்டால் பயனில்லை.

அடுத்து, 'எங்கே கேள்விப்பட்டீர்கள்?' இதை நிலைப்பாட்டுக்கு முன்னால் கேட்க வேண்டும். பின்னால் கேட்டால் குற்றம் சாட்டுவது போல் ஆகும். கேள்வியில் தலைவர் பெயரோ கட்சிப் பெயரோ வேண்டாம், காரணம் மேலே இருக்கிறது.

விவாத நெறியாளர்களுக்கு இன்னொன்று. 'ஏன் எதிர்க்கிறீர்கள்?' என்பதைக் குறைத்து, 'இது எப்படி வேலை செய்யும்?' என்று கேளுங்கள். 2002-ல் ரோசன்ப்ளிட், கைல் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஜிப், பூட்டு, ஃபிளஷ் தொட்டி போன்றவற்றை எவ்வளவு புரிந்து வைத்திருக்கிறீர்கள் என்று 1 முதல் 7 வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக விளக்கச் சொன்னார்கள். மறுபடி மதிப்பெண் கேட்டபோது தங்களுக்குத் தாங்களே குறைத்துப் போட்டுக்கொண்டார்கள். 2013-ல் ஃபெர்ன்பாக் குழு அரசுக் கொள்கைகளை வைத்துச் செய்தபோதும் இதுவே நடந்தது. 'ஏன்' என்று கேட்டால் மனப்பாடமான காரணங்கள் வரிசைகட்டி வரும். 'எப்படி' என்பதற்கு அந்தச் சரக்கு உதவாது. ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். 'எனக்குப் புரியும்' என்ற நம்பிக்கை இறங்குகிறதே தவிர, நிலைப்பாடு தணிவது பின்னால் நடந்த சோதனைகளில் எல்லா முறையும் கிடைக்கவில்லை. மடக்கும் தொனியில் கேட்டால் ஆள் இன்னும் முறுக்கிக்கொள்வார்.

வடிகட்டியிலும் ஓர் ஓட்டை உண்டு. கூச்சப்படுகிறவர்கள் தெரிந்திருந்தும் 'எனக்கென்ன தெரியும்' என்று ஒதுங்கிவிடுவார்கள். ரேஷன் வரிசையில் நிற்பவருக்கு ரேஷன் பற்றித் தெரியாமல் இருக்காது. அவர்களிடம் 'முழுசாத் தெரிய வேண்டாம், நீங்க பார்த்ததைச் சொன்னாலே போதும்' என்று இன்னொரு தடவை கேளுங்கள். ஒரே தடவைதான், இரண்டாவது முறை வற்புறுத்தினால் பழையபடி ஊகம்தான் வரும்.

கணக்குப் போடும்போதும் ஏமாற்றம் நடக்கிறது. 100 பேரில் 60 பேர் தெரியாது என்கிறார்கள், 24 பேர் ஆதரவு, 16 பேர் எதிர்ப்பு என்று வையுங்கள். 60 பேரைக் கழித்துவிட்டு மிச்சம் 40-ஐ நூறாக்கினால் '60 சதவீதம் ஆதரவு' என்று தலைப்பு தயார். உண்மையான தலைப்பு, 'பத்தில் ஆறு பேருக்குக் கருத்து இல்லை.' இது விற்காது என்பது எங்களுக்கும் தெரியும். துணைத்தலைப்பிலாவது போடுங்கள்.

களப்பணியாளர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டு, 'தெரியாது' நிறைய இருக்கும் படிவங்களை 'முழுமையாக இல்லை' என்று திருப்பி அனுப்பும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். திருப்பி அனுப்பியது மறுநாளே முழுமையாக வந்து சேரும். பதில் சொன்னவர் வீட்டுக்கு அது போயிருக்காது.

இப்படிக்கு,
கேள்வித்தாள் எழுதுபவர்கள் சிலர்