லமலெராவின் சனிக்கிழமைச் சந்தை

என் அருமைத் தோழிக்கு,

அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது வாசல் வரை நடக்கிறார் என்று நீ எழுதியதைப் படித்ததும் மனசு லேசாகிவிட்டது. உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. இந்தோனேசியாவில் லெம்பாட்டா என்றொரு தீவில் இருந்தேன்.

ஃபுளோரெஸ் தீவுக்குக் கிழக்கே இருக்கிறது அது. பழைய வரைபடங்களில் லோம்ப்லென் என்று போட்டிருக்கும். திமோர் தீவிலுள்ள குப்பாங் நகரிலிருந்து சின்ன விமானத்தில் லெம்பாட்டாவின் லெவோலெபா நகரம். அங்கிருந்து பலகை இருக்கை போட்ட லாரியில் மலையைச் சுற்றிக்கொண்டு தெற்குக் கரைக்கு வந்தால் லமலெரா. லபலேகன் எரிமலையின் அடிவாரத்தில், பாறைமேல் தொற்றிக்கொண்டிருக்கிற ஊர். கரையில் வரிசையாக ஓலைக் கொட்டகைகள், ஒவ்வொன்றிலும் ஒரு படகு. கொட்டகைகளுக்கு நடுவில் சின்னதாக ஒரு கிறிஸ்தவக் கோயில்.

இந்த ஊரைப் பற்றி யார் பேசினாலும் திமிங்கல வேட்டையைத்தான் பேசுவார்கள். ‘தேனா’ என்கிற படகின் முன்முனையில் மூங்கில் மேடை நீட்டிக்கொண்டிருக்கும். ‘லமஃபா’ எனப்படும் ஈட்டிக்காரர் அதன் நுனியில் நின்று, திமிங்கலம் பக்கத்தில் வந்ததும் நீண்ட மூங்கிலில் செருகிய ஈட்டியோடு தானும் சேர்ந்து அதன்மேல் பாய்வார். தன் உடம்பின் பாரத்தையும் சேர்த்தே குத்துகிறார். இந்தத் தீவுக்காரர்கள் இப்படி வேட்டையாடுவதை 1624-ஆம் ஆண்டுப் போர்ச்சுகீசிய ஆவணம் ஒன்றே குறிப்பிடுகிறது. ஆபத்தான வேலைதான். 1994-இல் ஈட்டி பட்ட திமிங்கலம் சில படகுகளை நடுக்கடலுக்கு இழுத்துப் போய்விட, நாட்கணக்கில் தத்தளித்தவர்களை அந்தப் பக்கம் வந்த ஒரு சுற்றுலாக் கப்பல்தான் காப்பாற்றியது. படமெடுக்க வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பாய்ச்சலுக்காகத்தான் வருகிறார்கள். எனக்கு அது பார்க்கக் கிடைக்கவில்லை. நான் இருந்த நாட்களில் திமிங்கலம் வரவில்லை. கொல்வதைப் பார்க்கும் தைரியம் எனக்கு இருந்திருக்காது என்பதால் அதில் வருத்தமும் இல்லை. நான் உனக்குச் சொல்ல நினைப்பது அந்த இறைச்சி கரைக்கு வந்த பிறகு நடப்பதை.

நான் தங்கியது கணவரை இழந்த ஒரு மூதாட்டியின் வீட்டில். ‘மாமா’ என்று கூப்பிடச் சொன்னார். அந்தப் பக்கத்தில் மாமா என்றால் அம்மா. முற்றத்தில் மூங்கில் கொடி கட்டி, போன வேட்டையின் இறைச்சியைப் பட்டை பட்டையாக அறுத்துத் தொங்கவிட்டிருந்தார். கருத்துப்போய், மினுமினுவென்று இருந்தது. கீழே பிளந்த மூங்கில் ஒன்றைச் சாய்த்து வைத்திருக்கிறார். சொட்டுகிற எண்ணெய் அதில் வழிந்து பாத்திரத்தில் சேர்கிறது. முதல் நாள் அந்த வாடை தாங்கவில்லை, மூன்றாம் நாள் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

‘இது எப்படி உங்களுக்குக் கிடைத்தது, வீட்டில் கடலுக்குப் போகிறவர் யாரும் இல்லையே’ என்று கேட்டேன். அப்போதுதான் பங்கு முறையைச் சொன்னார். பிடித்த திமிங்கலம் ஈட்டி எறிந்தவருக்குச் சொந்தமில்லை. படகில் போனவர்களுக்கு ஒரு பங்கு, படகுக்கு உரிமையுள்ள குடும்பங்களுக்கு ஒரு பங்கு. படகு கட்டிய தச்சர், ஈட்டிமுனை அடித்த கொல்லர், படகுப் பாய் முடைந்தவர், இந்த மண்ணுக்கு முதல் உரிமையுள்ள குலத்தார் என்று உடம்பின் எந்தப் பகுதி யாருக்கு என்பது வரை முறை இருக்கிறது. அப்புறம் அந்தப் பங்கு அண்ணன் தம்பி, அத்தை, பக்கத்து வீடு என்று கை மாறுகிறது. கைம்பெண்ணும் அநாதைப் பிள்ளையும் வெறுங்கையோடு இருக்கக்கூடாது, அதற்காகத்தான் ஆண்கள் கடலுக்குப் போகிறார்கள் என்றார் மாமா.

ஆனால் இறைச்சியை மட்டும் தின்று வாழ முடியாதே. ஊரைச் சுற்றி வெறும் கல், எதுவும் சரியாக விளையாது. மலைமேல் இருக்கிற ஊர்களில் மக்காச்சோளம், வாழை, மரவள்ளி எல்லாம் விளைகிறது, மீன் கிடையாது. இந்த இரண்டையும் சேர்த்துவைப்பது பெண்கள்தான். கருவாட்டையும் உப்பையும் தலையில் சுமந்து மலையேறி, வீடு வீடாக மாற்றிக்கொண்டு வருவது அங்கே காலங்காலமாக நடக்கிற வேலை. சனிக்கிழமைகளில் பக்கத்திலுள்ள வுலண்டோனியில் சந்தை. விடியுமுன்னே மாமாவோடு நானும் கிளம்பினேன்.

மரநிழலில் கடற்கரைப் பெண்கள் ஒருபுறம், மலைப் பெண்கள் ஒருபுறம் உட்கார்ந்திருந்தார்கள். சரக்கெல்லாம் பரப்பியாயிற்று, ஆனால் யாரும் யாருடையதையும் தொடவில்லை. சந்தைக்காரர் சுற்றிவந்து வரி வசூலித்து முடித்தார். அப்புறம் ஒரு விசில். அவ்வளவுதான், அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். கணக்கு ‘முங்கா’வில், ஒரு முங்கா என்றால் ஆறு. மாமா ஒரு பட்டை திமிங்கல இறைச்சியை நீட்டினார். எதிரில் இருந்த பெண் அதை முகர்ந்து, விரலால் அழுத்திப் பார்த்து, இரண்டு முங்கா வாழைப்பழம் எடுத்து வைத்தாள். பன்னிரண்டு பழம். அதில் ஒன்று நசுங்கியிருந்தது. மாமா பேசாமல் அதைத் திருப்பி வைத்தார், அவளும் பேசாமல் வேறொன்று எடுத்துக் கொடுத்தாள். பணம் என்ற பேச்சே எழவில்லை. பணத்துக்கு விற்பவர்களும் இப்போது இருக்கிறார்கள்தான். இருந்தாலும் கூடையில் கருவாடு இருக்கிற வரைக்கும் அடுப்பு எரியும் என்ற தெம்பு அந்தப் பெண்களின் முகத்தில் தெரிந்தது.

வாங்கிவந்த மக்காச்சோளத்தில் அன்று சாயங்காலமே ‘ஜாகுங் தித்தி’ செய்தார். நம் அவல் மாதிரிதான். மண்சட்டியில் சோளத்தை வறுத்து, கொதிக்கக் கொதிக்க இரண்டு மூன்று மணியை வெறும் விரலால் எடுத்துத் தட்டைக் கல்லில் போட்டு, இன்னொரு கல்லால் ஓங்கி ஒரே அடி. மணி காகிதம் மாதிரி தட்டையாகிவிடுகிறது. ஒரு கை சட்டிக்குள், மறு கை கல்லில், கண் என் மேல். அவர் விரல்நுனிகளைத் தொட்டுப் பார்த்தேன், செருப்புத்தோல் மாதிரி காய்த்திருந்தன.

வேட்டைப் பருவத்துக்கு ‘லெஃபா’ என்று பேர். மே 1-ஆம் தேதி கடற்கரையில் பூசை வைத்துத் தொடங்குகிறார்கள். முந்தின நாள் மாலை, கடலில் போய்த் திரும்பாதவர்களுக்காக ஒரு பூசை. மணலில் எங்கு பார்த்தாலும் மெழுகுவர்த்தி. மாமா தன் கணவருக்கு ஒன்று ஏற்றினார், இன்னொன்றை என் கையில் கொடுத்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. நான் என் அப்பாவை நினைத்து ஏற்றிவைத்தேன். உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

திமிங்கலத்தைக் கொல்லலாமா என்று நீ கேட்பாய். இவர்கள் வேட்டையாடுகிற எண்ணெய்த் திமிங்கலம் அழியக்கூடிய நிலையில் உள்ள உயிர் என்று பட்டியலில் இருப்பது எனக்கும் தெரியும். லமலெராக்காரர்கள் நீலத் திமிங்கலத்தைத் தொடமாட்டார்கள், தங்கள் முன்னோரைக் காப்பாற்றியது என்பார்கள். 2014-இல் தீவுக்குத் தெற்கே இருக்கிற சவு (Savu) கடலைத் தேசியக் கடல் பூங்காவாக அறிவித்தபோது, ஊரின் எதிர்ப்பால் இந்தப் பகுதியை எல்லைக்குள் சேர்க்கவில்லை. அது சரியென்றுதான் படுகிறது எனக்கு. இந்தப் பெருங்கடல்களில் திமிங்கலத்தை அழித்தவை பெரிய நாடுகளின் கப்பல்கள், இந்த ஓலைக் கொட்டகைப் படகுகள் அல்ல.

என் கவலை வேறு. இப்போது மோட்டார் படகுகளும் மிதவை வலைகளும் வந்துவிட்டன. வலையில் படுகிற மீன் வலைக்காரருக்கே போகிறது. தச்சர், கொல்லர், கைம்பெண் என்று பிரித்துக் கொடுக்கும் முறை அதற்குக் கிடையாது. பிள்ளைகளும் படிக்க, வேலைக்கு என்று குப்பாங்குக்குப் போய்விடுகிறார்கள். வேட்டை நின்றால் திமிங்கலம் பிழைக்கும், சந்தோஷம். மாமாவின் கூடையில் என்ன இருக்கும்? இதை யோசிக்காமல் தடை போடச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

கிளம்பும்போது மாமா ஒரு பை ஜாகுங் தித்தி கட்டிக் கொடுத்தார். பாதியை உனக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் வரும்போது கொண்டுவருகிறேன். பாலில் ஊறப்போட்டால் அம்மாவும் சாப்பிடலாம். அவர் படி ஏறுகிறாரா, அதற்குள் எழுது.

அன்புடன்,
உன் தோழி