குரல் பயிற்சியின் முதல் தடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏப்ரல் 15 திருநங்கையர் நாளையொட்டி அடையாள அட்டை, வீட்டுமனை, தொழில் கடன் பற்றியெல்லாம் எழுதப்படுகிறது. 2008-இலேயே நல வாரியம் கண்ட மாநிலத்தில் அவை பேசப்பட வேண்டியவையே. ஆனால் தொலைபேசியில் "ஹலோ" என்றதும் "சொல்லுங்க சார்" என்று மறுமுனை சொல்லும்போது கூசிப்போகும் மனத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. காட்பாடியில் தையல் தொழில் செய்யும் திருநங்கை என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பெண் ஹார்மோன் மருந்து, பருவ வயதில் தடித்துவிட்ட குரல்நாண்களைப் பழைய நிலைக்குக் கொண்டுவராது. (ஆணாக வாழும் திருநம்பியரின் நிலை வேறு, டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் அவர்கள் குரலைத் தாழ்த்திவிடும்.) ஆகவே எங்களில் பெரும்பாலோருக்குப் பயிற்சிதான் வழி. அந்தப் பயிற்சியை நான் தொடங்கியபோது குறுக்கே நின்றவர் அயலார் அல்லர், நானேதான். "யாரை ஏமாற்றப் பார்க்கிறாய்?" என்று என்னையே கேட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பதற்காக மிக்ஸி ஓடும் நேரத்தில் மட்டும் "அக்கா, ரெண்டு முழம் மல்லி கொடுங்க" என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். இரைச்சலை மீறி என் குரல் எனக்கே கேட்கவேண்டுமென்று தொண்டை தானாக இறுகியது. நான்காம் நாள் கட்டிக்கொண்டது. எனக்கு இது வராது என்று பயிற்சியை விட்டுவிட்டேன்.

பல மாதங்கள் கழித்துச் சந்தித்த பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர், தவறு என் தொண்டையில் இல்லை, ஒளிந்து பழகியதில்தான் என்றார். அமைதியான அறையில் நாளுக்கு இருமுறை பத்து நிமிடம் போதும், வலித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது அவர் சொன்ன முதல் விதி. கைப்பேசியில் பதிவு செய்த என் குரலைக் கேட்கச் சகிக்காமல் உடனுக்குடன் அழித்துவிடுவேன் என்று சொன்னபோது, நாம் பேசுவது நமக்கு மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் கேட்கிறது, பதிவில் அந்த ஒலி இல்லாததால் எவருக்குமே தம் குரல் அந்நியமாகத்தான் படும் என்று விளக்கினார். அன்றிலிருந்து நான் எதையும் அழிப்பதில்லை. வாரம் கழித்துத்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் புரிந்தது. எனக்குப் பூ விற்கும் அக்காவின் குரல் என் குரலைவிடக் கனமானது. ஆனாலும் அவரை யாரும் "சார்" என்பதில்லை. சுருதியை மட்டும் ஏற்றிக் கீச்சிடுவதில் பயனில்லை. நாக்கின் நிலையும், வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் ஒலி முழங்கும் இடமும், சொற்களை இழுத்து இறக்கும் ஓட்டமும் சேர்ந்தே ஒரு குரலைப் பெண்குரலாகக் கேட்க வைக்கின்றன. இது தெரியாமல் எத்தனை நாள் என்னையே வைதிருக்கிறேன்!

இப்படி வீட்டுக்குள் தனியே முயன்று, தன்னைத்தானே நொந்து கைவிட்டவர்கள் குடியாத்தத்திலும் ஆற்காட்டிலும் இருப்பார்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வாரத்தில் ஒரு பிற்பகலையேனும் திருநர் குரல் பயிற்சிக்கென ஒதுக்கி, அதைத் தமிழில் அறிவிப்புப் பலகையிலும் எழுதிவைக்குமாறு மாவட்ட நிர்வாகத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தையல் தொழில் செய்யும் ஒரு திருநங்கை,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.