ரிவால்வர் வாங்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் ஊர் கிளப்பில் எழுபதைத் தாண்டியவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று ரிவால்வர் சுடுகிறார்கள், பேரனுக்கும் ஆசை வந்துவிட்டது, சம்பந்தியும் கேட்கிறார், ஆளுக்கொரு வகை வாங்க வேண்டுமா என்று எழுதியிருந்தாய். வேண்டாம் அம்மா. பதின்மூன்று வயதுக் கைக்கும் எழுபத்திரண்டு வயதுக் கைக்கும் ஒரே அளவு பிரேம், அதாவது ரிவால்வரின் உடற்சட்டம், போதும். மாற்ற வேண்டியது தோட்டாவும் கைப்பிடிக் கட்டையும்தான். இந்த வசதியால்தான் சிறு வயதில் ரிவால்வரைத் தொட்டவர்கள் கடைசிவரை அதை விடுவதில்லை.

நான் சொல்வது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கே பிரேம். 1899இல் .38 ஸ்பெஷல் தோட்டாவோடு வந்த மிலிட்டரி அண்ட் போலீஸ் ரிவால்வருக்குத்தான் 1957இல் மாடல் 10 என்று எண் கொடுத்தார்கள். அறுபது லட்சத்துக்கு மேல் செய்திருப்பதால் பழையது சுலபமாகக் கிடைக்கும், உதிரி பாகமும் கிடைக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அதே பிரேமில் .22, .32, .38 என மூன்று அளவில் குறி சுடுவதற்கென்றே கே-22, கே-32, கே-38 மாஸ்டர்பீஸ் ரிவால்வர்களை விட்டார்கள். துளை சிறுத்தால் பேரலில், அதாவது குழலில், இரும்பு மிஞ்சி எடை ஏறும் அல்லவா? பேரலின் மேலே ஓடும் பட்டையின் அகலத்தைக் கூட்டிக் குறைத்து மூன்றையும் கிட்டத்தட்ட ஒரே எடைக்குக் கொண்டுவந்தார்கள். .22இல் பழகிய கை .38ஐ எடுத்தாலும் தடுமாறக் கூடாது என்பதுதான் நோக்கம். கே-22 பிறகு மாடல் 17 ஆனது, கே-38 மாடல் 14. உனக்கும் சம்பந்திக்கும் சேர்த்து ஒரு 14, பேரனுக்கு ஒரு 17. அதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

கடைக்காரர் உன்னைப் பார்த்ததும் சின்னதாக, லேசாக ஒன்றை எடுத்து நீட்டுவார். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் லேசானதுதான் நல்லது என்ற தவறான எண்ணம் எல்லாக் கடையிலும் இருக்கிறது. 425 கிராம் எடையுள்ள சிறிய அலுமினிய ஜே பிரேமில் .38ஐச் சுட்டால் உதை முழுவதும் உள்ளங்கையில் இறங்கும். ஒரு பெட்டி முடிவதற்குள் கை தானாக நடுங்கி முந்திக்கொள்ளப் பழகிவிடும். ஆறு அங்குல பேரல் வைத்த கே பிரேம் ஒரு கிலோவுக்குச் சற்று மேலே வரும். அந்த எடைதான் உதையைத் தின்கிறது.

வாங்கும் முன் சட்டம். அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி உரிமம் பெற்ற கடை 21 வயதுக்குக் கீழே கைத்துப்பாக்கி விற்கக் கூடாது. பதினெட்டுக்குக் கீழே உள்ள பிள்ளை குறி பழக ரிவால்வரைத் தொட, பெற்றோர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த சம்மதச் சீட்டு அவன் கையில் இருக்க வேண்டும். மாநிலச் சட்டம் இதைவிடக் கடுமையாக இருக்கலாம், கிளப்பிலேயே கேட்டுக்கொள். சம்பந்தியிடம் கிரீன் கார்டு இருப்பதால் தடையில்லை. ஆனால் மாப்பிள்ளையின் நண்பர்கள் எச்-1பியில் இருப்பவர்கள், ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வரும் உறவுக்காரர்கள், இவர்கள் கையில் விளையாட்டாகக்கூடக் கொடுத்துவிடாதே. வேட்டை உரிமம் போன்ற ஒரு சில விலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ அவர்கள் வைத்திருப்பதே குற்றம். நான் இங்கிருந்து ஏதாவது கொடுப்பதென்றாலும் நேராக உன்னிடம் தர முடியாது. மாநிலம் வேறு என்பதால் உங்கள் ஊரில் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் வர வேண்டும்.

இனி பழையதைப் பார்த்து வாங்கும் விதம். வெளிப்பூச்சு தேய்ந்திருந்தால் கவலைப்படாதே, விலை குறையும். உள்ளே பார். முதலில் தோட்டா போடும் சுழல் உருளையான சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜ் ஒன்றைக் கையோடு கொண்டு போ. சிலிண்டரை மூடி, அதைப் பின்னால் தள்ளிப் பிடித்து, பேரலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே தகட்டை நுழைத்து அள. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 4 முதல் 8 பங்கு வரை இருந்தால் நல்லது. 10க்கு மேல் போனால் பக்கவாட்டில் ஈயத்துணுக்கும் வாயுவும் தெறிக்கும். 3க்குக் கீழே என்றால் சூடேறிக் கரி படிந்ததும் சிலிண்டர் உரசி நிற்கும். பிறகு சிலிண்டரை முன்னால் தள்ளி மறுபடி அள. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் முன்பின் ஆட்டம். ஆயிரத்தில் 3க்கு மேல் இருந்தால் ஒன்று வாங்காமல் விட்டுவிடு, இல்லையேல் விலையைக் குறைக்கச் சொல். மெல்லிய வளையம் போட்டுச் சரிசெய்யலாம், ஆனால் அது அதிகம் சுடப்பட்டதன் அடையாளம்.

அடுத்தது டைமிங், அதாவது ஒவ்வொரு அறையும் பேரலுக்கு நேராகச் சரியான நேரத்தில் வந்து நிற்கிறதா என்பது. அனுமதி கேட்டு, இடது கட்டைவிரலால் சிலிண்டரை லேசாக உரசிப் பிடித்துக்கொண்டு, பின்னால் இருக்கும் சுத்தியலான ஹேமரை மிக மெதுவாகப் பின்னால் இழு. ஹேமர் முழுதும் ஏறி நிற்பதற்கு முன்பே சிலிண்டரைப் பூட்டும் சிலிண்டர் ஸ்டாப் தன் பள்ளத்தில் 'டக்'கென்று விழ வேண்டும். ஹேமர் நின்ற பிறகும் சிலிண்டர் பூட்டிக்கொள்ளவில்லை என்றால், அதைத் திருப்பும் ஹேண்ட் என்ற பாகமோ, கூட்டை வெளியே தள்ளும் ஸ்டார் என்ற நட்சத்திரத் தகட்டின் பற்களோ தேய்ந்துவிட்டன. அப்படிச் சுட்டால் குண்டு பேரலின் நடுவில் நுழையாமல் விளிம்பில் சீவிக்கொண்டு போகும். இதை ஆறு அறைக்கும் செய். ஐந்து சரியாக இருந்து ஆறாவது மட்டும் பிசகுவது சாதாரணம், அவசரக்காரர்கள் ஏமாறுவது அங்கேதான்.

ஹேமரை ஏற்றி வைத்து, டிரிகரைத் தொடாமல் கட்டைவிரலால் ஹேமரை முன்னால் அழுத்து. விழுந்தால் யாரோ உள்ளே அரம் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், வாங்காதே. கைப்பிடியின் முன்விளிம்பில் கீழே இருக்கும் ஸ்ட்ரெயின் ஸ்க்ரூ முழுதும் முறுக்கப்பட்டிருக்க வேண்டும். டிரிகர் லேசாக இருப்பதுபோல் காட்ட இதைத் தளர்த்தி வைப்பார்கள். கடையில் வெண்ணெய் மாதிரி இழுக்கும், ரேஞ்சில் பாதித் தோட்டா வெடிக்காது. பேரலுக்குள் வெளிச்சம் காட்டிப் பார்க்கும்போது குறுக்கே ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால், முன்பு ஒரு குண்டு உள்ளே சிக்கி அதன் பின்னால் இன்னொன்று சுடப்பட்டுக் குழல் புடைத்திருக்கிறது. பேரலின் பின்முனை, அதாவது ஃபோர்சிங் கோன், விரிசலில்லாமல் இருக்க வேண்டும். 1955இல் வந்த .357 கே பிரேமான மாடல் 19இல் அந்த இடத்தின் அடிப்பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். வேகமான 125 கிரெயின் (குண்டின் எடை அளவு) மேக்னம் தோட்டாக்களை நிறையச் சுட்டால் விரிசல் விடுவது அங்கேதான். அதற்காகத்தான் பிறகு பெரிய எல் பிரேமே வந்தது. மாடல் 14க்கு அந்தப் பயம் இல்லை.

பேரனுக்கு .22. பெரிய கட்டையைக் கழற்றி மெல்லிய கட்டை போட்டால் விரல் டிரிகருக்கு எட்டும். அவன் பிஸ்டல் சுடுகிறவர்களைப் பார்த்து இரண்டு கட்டைவிரலையும் முன்னால் நீட்டுவான், அதை முதல் நாளே நிறுத்து. ரிவால்வரில் சிலிண்டரின் முன்விளிம்புக்கு அருகே விரல் போகக் கூடாது, அந்த இடைவெளியில் பீறிடும் வாயு தோலைக் கிழிக்கும். அதே காரணத்தால் பக்கத்தில் நிற்பவர்களுக்கும் கண்ணாடி வேண்டும். தொடக்கத்தில் ஹேமரை ஏற்றியே சுடட்டும், சிங்கிள் ஆக்‌ஷனில் டிரிகர் மூன்று நான்கு பவுண்டில் விட்டுவிடும். ஒரு அறையில் மட்டும் தோட்டா போடு. பழகிய பின் இரண்டு தோட்டா, நான்கு சுட்ட கூடு எனக் கலந்து போட்டு, அவன் பார்க்காமல் சிலிண்டரைச் சுற்றி மூடிக் கொடு. கூடு வரும் முறையில் வெடிச்சத்தம் இருக்காது, கை முந்திக்கொண்டால் பேரல் மட்டும் தலை குனியும். அவனே பார்த்துவிடுவான். இந்தப் பயிற்சிக்கு ரிவால்வரைப் போல வேறெதுவும் கிடையாது, ஐம்பது வருடம் சுட்டவரும் இதைச் செய்யலாம். நீயும் செய், சம்பந்தியையும் செய்யச் சொல்.

.22ஐத் தோட்டா இல்லாமல் வெறுமனே இழுத்து அடிக்க விடாதே. ஊசி அறையின் விளிம்பில் மோதிப் பள்ளம் விழும், பிறகு கூடு வெளியே வராது. சுவரில் திருகாணி இறுக்க விற்கும் மஞ்சள் பிளாஸ்டிக் செருகியை அறையில் போட்டுப் பழகலாம். உன் .38இல் ஸ்னாப் கேப் என்ற போலித் தோட்டா போட்டு வீட்டிலேயே, ஹேமரை ஏற்றாமல் டிரிகரை மட்டும் இழுக்கும் டபுள் ஆக்‌ஷன் பழகு. பத்துப் பன்னிரண்டு பவுண்டு இழுவையை நடுவில் நிறுத்தாமல் ஒரே சீராக இழுக்க வேண்டும், முன் குறி அசையக் கூடாது. அவ்வளவுதான் வித்தை, ஆனால் அதற்கு வருடங்கள் பிடிக்கும். எட் மெக்கிவர்ன் 1932இல் தெற்கு டகோட்டாவில் 15 அடி தூரத்தில் ஐந்து குண்டுகளை 0.45 விநாடியில் சுட்டபோது அவருக்கு வயது 57. ஜெர்ரி மிக்குலெக் 1999இல் மறுநிரப்பலோடு 12 குண்டுகளை 2.99 விநாடியில் முடித்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். வாலிப வேகம் மட்டுமே என்றால் இது நடந்திருக்காது.

சம்பந்திக்குக் கட்டைவிரல் மூட்டு வலி என்றால் ரிவால்வர்தான் சரி, பிஸ்டல் ஸ்லைடை இழுக்கும் வேலை இல்லை. ஹேமரை இடது கட்டைவிரலால் ஏற்றட்டும். தோட்டா 148 கிரெயின் வாட்கட்டர், விநாடிக்கு 700 அடி வேகத்துக்கு அருகில் போகும், உதை மென்மை. தட்டையான முனை காகிதத்தில் வட்டமாக வெட்டுவதால் தூரத்திலிருந்தும் துளை தெரியும். முன் குறி மங்குகிறது என்பார். பைஃபோகலில் தலையை அண்ணாந்து பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது, அதில் கழுத்து வலிதான் மிச்சம். தூரப்பார்வை எண்ணோடு அரை முதல் முக்கால் டயாப்டர் கூட்டி, சுடுவதற்கென்று தனிக் கண்ணாடி ஒன்று செய்துகொள்ளச் சொல். குறி தெளியும், இலக்கு கொஞ்சம் மங்கும், அது சரிதான்.

கூட்டை வெளியேற்றும்போது பேரலை வானத்தைப் பார்க்க நிமிர்த்தி, கூட்டைத் தள்ளும் எஜெக்டர் ராடை ஒரே தட்டாகத் தட்ட வேண்டும். சாய்த்து மெல்ல அழுத்தினால் எரியாத வெடிமருந்துத் துகள் ஸ்டாரின் அடியில் விழும், அடுத்த முறை சிலிண்டர் இறுகும். 'ரிவால்வர் கெட்டுவிட்டது' என்று கொண்டுவருவதில் பாதி இதுதான், ஒரு பழைய பல் துலக்கி போதும். .22இன் அறைகளை நூறு தோட்டாவுக்கொருமுறை பிரஷ் போடு. சத்தம் வழக்கத்தைவிடக் குறைந்து 'புஸ்'ஸென்று வந்தால் உடனே நிறுத்தி, பேரலுக்குள் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடாதே. வீட்டுக்கு வந்ததும் முதலில் பேரன் குளிர்ந்த தண்ணீரில் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும், ஈயம் பிள்ளைகளுக்கு ஆகாது.

கடையில் இரண்டு மாடல் 14 இருப்பதாக எழுதியிருந்தாய். சிலிண்டரைத் திறந்தால், அதைத் தாங்கும் யோக் என்ற கை மடியும் இடத்தில் 14-2, 14-3 என்று ஏதாவது பொறித்திருக்கும். அந்த எண்ணையும், இரண்டு தகட்டு அளவையும், டைமிங் எந்த அறையில் எப்படி இருந்தது என்பதையும் குறித்து எனக்கு அனுப்பு. பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை முன்பணம் கொடுக்காதே.

அன்புடன்,
அப்பா