உப்பு பிஸ்கட்டில் எவ்வளவு உப்பு என்று முன்பக்கம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் முதலில் நிற்பது இனிப்பு பிஸ்கட். சரி, டீயோடு வேறென்ன கொடுப்பது என்று பார்த்தால் கை நேராகப் போவது மோனாக்கோ மாதிரியான உப்பு பிஸ்கட்டுக்குத்தான். 1929-இல் மும்பை விலே பார்லேயில் தொடங்கிய பார்லே நிறுவனத்தின் சரக்கு அது, இங்கே பெட்டிக்கடைச் சரத்தில்கூடத் தொங்குகிறது. ருசியில் நான் குறை சொல்ல மாட்டேன், வெங்காயமும் தக்காளியும் பொடியாக நறுக்கி மேலே வைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் தட்டைக் காலி பண்ணிவிடுவார்கள். ஆனால் சர்க்கரை இருக்கிற பலருக்குப் பிரஷரும் இருக்கிறது. ஊறுகாய், அப்பளம் எல்லாம் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு நடக்கிற பெரியவர்கள், இதில் சர்க்கரை இல்லையே என்ற தைரியத்தில் காலையும் மாலையும் நாலைந்து உப்பு பிஸ்கட் சாப்பிடுகிறார்கள்.

மேலே மின்னுகிற உப்பை விரலால் தட்டிவிட்டால் போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். போதாது. மாவிலேயே உப்பு உண்டு, பிஸ்கட் பொரிந்து வரச் சேர்க்கிற சோடா மாவிலும், உப்பில் பிரஷரை ஏற்றுகிற அதே சோடியம்தான் இருக்கிறது.

பாக்கெட்டின் பின்னால் சோடியம் அளவு போட்டிருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், மில்லிகிராமில். அதை இரண்டரையால் பெருக்கினால்தான் உப்புக் கணக்கு வரும், அதாவது 100 கிராமுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்றால் அது 2 கிராம் உப்பு. ஒரு நாள் முழுக்கச் சேர்த்தே 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு டீஸ்பூனுக்குள், நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடையில் நின்றபடி இந்தக் கணக்கை யார் போடுவார்கள்?

சிலி நாட்டில் 2016 முதல் சோடியம் அதிகமுள்ள பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். இங்கே இந்த முன்பக்க எச்சரிக்கை விஷயத்தை முடிக்கச் சொல்லி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதம் கெடு கொடுத்தது, அப்புறம் அதையும் நீட்டித்தார்கள்.

அதுவரை கம்பெனிகள் காத்திருக்க வேண்டியதில்லை. விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பதுதான் விதி, கூடவே வேறு மொழியிலும் போடலாம் என்று அதே விதி அனுமதிக்கிறது. டிவி விளம்பரத்தில் நம்மிடம் தமிழில் பேசத் தெரிகிறதே, பாக்கெட்டின் முன்னால் 'இத்தனை பிஸ்கட்டில் இத்தனை கிராம் உப்பு' என்று தமிழில் ஒரே ஒரு வரி போட என்ன தடை? எந்த பிராண்டாக இருந்தாலும் சரி, தமிழ்நாட்டில் விற்கிற எல்லா உப்பு பிஸ்கட்டிலும் அந்த வரி வேண்டும். மாநில உணவுப் பாதுகாப்புத் துறை இதைக் கம்பெனிகளிடம் எழுத்தில் கேட்க வேண்டும், உங்கள் நாளிதழும் அதிகாரிகளிடம் இதைக் கேட்டு ஒரு செய்தி போட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்