வானொலி ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், செயற்குழு, உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் விவாதித்தது, கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் எது மக்கள் கைக்கு வருகிறது, எது ஆய்வகத்தோடு நின்றுவிடுகிறது என்பதில் அரசு விதிகளுக்கு எவ்வளவு பங்கு என்பதைத்தான், அதனால் நேராக அதற்கே வருகிறேன்.

ஒரு மாதக் கூட்டத்தில் மைக்ரோவேவ் அடுப்பை ஓடவிட்டு, பக்கத்தில், எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரை வைத்தோம். 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எகிறியது. அடுப்பை நிறுத்தியதும் அடங்கி, வைஃபை சிக்னல் மட்டும் மேடு மேடாகத் தெரிந்தது. இவ்வளவு இரைச்சலுள்ள இடத்தில் ஏன் வைஃபையைக் கொண்டுபோய் வைத்தார்கள் என்று புதிய உறுப்பினர்கள் கேட்டார்கள். அங்கேதான் உரிமம் தேவையில்லை, அதுதான் காரணம். அடுப்பு போன்ற கருவிகளுக்கு விட்டிருந்த அலைவரிசைகளில் சிக்னலை அகலமாகப் பரப்பி அனுப்பும் ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் கருவிகளை உரிமமின்றி இயக்கலாம் என்று அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 1985-ல் விதியை மாற்றியது. வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரநிலை வந்தது 1997-ல். விதி முன்னால் வந்தது, பொருள் பின்னால் வந்தது.

நமக்கும் இதே கதை உண்டு. டைட்டானிக் மூழ்கிய 1912-லேயே வந்த அமெரிக்கச் சட்டம், நம்மைப் போன்ற அமெச்சூர் வானொலி ஆர்வலர்களை 200 மீட்டருக்கும் அதற்குக் குறைந்த அலைநீளங்களுக்கும் தள்ளியது. உதவாது என்று அப்போது நினைத்த பகுதி அது. 1923-ல் அதே சிற்றலையில் ஆர்வலர்கள் அட்லாண்டிக்கைத் தாண்டி இருவழித் தொடர்பு கொண்டார்கள்!

அதற்காக அரசு ஒதுங்கிக்கொண்டாலே போதும் என்று சொல்ல மாட்டேன். ஜிஎஸ்எம் என்ற கைபேசித் தரநிலைக்காக 900 மெகாஹெர்ட்ஸை ஒதுக்கி வைக்க ஐரோப்பா 1987-ல் முடிவெடுத்ததால், ஒரே கைபேசியோடு நாடு விட்டு நாடு போக முடிந்தது. அமெரிக்கா தரநிலையைச் சந்தையிடம் விட்டதில், ஒரு நிறுவனத்தின் கைபேசி இன்னொன்றில் வேலை செய்யாத நிலை பல காலம் நீடித்தது.

இப்போதைய விவாதம் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை பற்றியது. அமெரிக்கா 2020-ல் அதன் 1200 மெகாஹெர்ட்ஸ் அகலம் முழுவதையும் உரிமமின்றித் திறந்தது, ஐரோப்பா 2021-ல் கீழ்ப்பகுதியை மட்டும் திறந்தது. கைபேசி நிறுவனங்களுக்கும் இது வேண்டும், சரி, ஆனால் உரிமமில்லாப் பகுதி சுருங்கினால் அடுத்த புதுமை எங்கே முளைக்கும்? ஆகவே ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்கும் ஒவ்வொரு முறையும் சங்கம் எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும் என்ற தீர்மானத்தைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரைவு தயாரிக்க ஒரு சிறு குழு வேண்டும், விருப்பமுள்ளவர்கள் இன்றே பெயர் கொடுங்கள்.

செயலாளர்