ஆண்டறிக்கை 2024–25: மெடலும் சட்டையும்

தலைவர் அவர்களுக்கும், மேடையில் உள்ள மூத்தோருக்கும், வீர நாரியருக்கும் (உயிர் நீத்த படைவீரர்களின் மனைவியருக்கும்), உறுப்பினர்கள் அனைவருக்கும் நம் முன்னாள் படைவீரர் சங்கச் செயலாளரின் வணக்கம்.

இந்த ஆண்டு நம்மை விட்டுப் பிரிந்தவர்களுக்கு எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மாதக் கூட்டங்கள் தவறவில்லை. நவம்பரில் ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் ஆயுள் சான்று பதிய முகாம் வைத்தோம். கைரேகை விழாத பெரியவர்களுக்குத்தான் நேரம் பிடித்தது. டிசம்பர் 7 கொடிநாள் வசூல் வழக்கம்போல் நடந்தது. முன்னாள் படைவீரர் தினமான ஜனவரி 14 இந்த முறை பொங்கலோடு சேர்ந்து வந்துவிட்டதால், அன்று வந்தவர்களை விட வராதவர்களே அதிகம். யாரையும் குறை சொல்லவில்லை. பொங்கல் பானையை விட்டுவிட்டு வா என்று யாரிடம் சொல்ல முடியும்?

சரி, செயற்குழு அதிகம் விவாதித்த விஷயத்துக்கு வருகிறேன். 1971 போர் வெற்றி நாளான டிசம்பர் 16 விஜய் திவஸ் அன்று காமராஜர் சாலை முனையில் உள்ள போர் நினைவுச் சின்னத்துக்கு அஞ்சலி செலுத்தப் போயிருந்தோம். அன்று எடுத்த குழுப் படத்தை அலுவலகச் சுவரில் மாட்டவில்லை. ஏன் என்று பலர் கேட்டார்கள். படத்தைப் பார்த்தால் புரியும்: ஒருவர் பிளேசரில் முறையாக மெடல் போட்டிருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் டி-ஷர்ட்டில் மெடல் இல்லாமல் ரிப்பன் பட்டையை மட்டும் குத்தியிருக்கிறார். 1971-இல் கிழக்கு முனையில் நின்ற மூத்தவர், சுதந்திர வெள்ளி விழா மெடலை முதலில் வைத்து, அதைவிட மூத்ததான, அந்தக் கிழக்கு முனைப் போருக்கான பூர்வி ஸ்டாரை அதற்குப் பின்னால் தள்ளிவிட்டார். கேட்டால், “அதுதாம்பா பளபளன்னு இருக்கு” என்கிறார். கார்கில் வரை போய் வந்த இன்னொருவர், இடது பையில் பேனாவும் கண்ணாடியும் இருந்ததால் மெடல்களை வலது பக்கம் குத்திக்கொண்டு வந்தார். பணியில் இருக்கும் இளம் நாயக் ஒருவர் அவரிடம் பணிவாக, “சார், இது உங்க அப்பாவோட மெடலா?” என்று கேட்டுவிட்டார். அந்த நாயக் மேல் தவறில்லை. வலது மார்பில் மெடல் இருந்தால் அது வேறொருவர் வாங்கியது என்றுதான் பட்டாளத்தில் எடுத்துக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகு செயற்குழு சில முடிவுகள் எடுத்தது. சொந்த மெடல் இடது மார்பில்தான். மூத்த மெடல் சட்டைப் பட்டன் வரிசைக்குப் பக்கத்தில், மற்றவை தகுதி வரிசைப்படி தோள் பக்கமாக. வீரத்துக்குக் கிடைத்தது முன்னால் வரும். ஸ்டார்களுக்குப் பின்னால்தான் 1971 போர்க்காலச் சேவைக்கான சங்க்ராம் மெடல். 20 ஆண்டு சேவை மெடலுக்கு அப்புறம்தான் 9 ஆண்டு. எண்ணிக்கை கூடினால் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறலாம், ஆனால் மூத்தது முழுதாகத் தெரிய வேண்டும். சிவில் உடையில் ரிப்பன் பட்டை மட்டும் வேண்டாம். தோளில் ரேங்க் சின்னம் வேண்டவே வேண்டாம். மினியேச்சர் என்னும் சிறிய அளவு மெடல் மாலை நேர விருந்துக்கானது, காலை நிகழ்ச்சிக்கு முழு அளவு மெடல். தொப்பி இல்லாமல் சல்யூட் அடிக்கக் கூடாது, சாவதானில் (அட்டென்ஷனில்) நின்றால் போதும். பயிற்சியில் முதல் வாரமே கற்றதுதான், இருந்தாலும் படத்தில் நாலு கைகள் நெற்றியில் இருக்கின்றன.

உடைதான் பெரிய சண்டையாகிவிட்டது. கோட் கட்டாயம் என்று ஒரு தரப்பு. ஆகஸ்ட் 15 வெயிலில் கோட் போட்டுக்கொண்டு நின்றால் ஆம்புலன்ஸுக்கும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று இன்னொரு தரப்பு. வேட்டி நம் மரியாதை உடை, அதை ஏன் தள்ளுகிறீர்கள் என்று மூன்றாவது தரப்பு. என் கருத்தையும் சொன்னேன்: வேட்டியில் குறையில்லை, பிரச்சினை பாப்ளின் சட்டையில். ஒவ்வொன்றும் 32 மில்லிமீட்டர் அகல ரிப்பனில் தொங்கும் ஐந்து மெடல்களின் கனத்தில் பை வாய் பிளந்து தொங்குகிறது. மெரினா காற்றில் வேட்டியைப் பிடிப்பதா, மெடலைப் பிடிப்பதா? கடைசியில், வேட்டியோ பேன்ட்டோ மேலே கழுத்துவரை மூடிய குளோஸ் காலர் கோட் என்றும், வெயில் காலத்தில் மட்டும் பைக்கு உள்ளே கேன்வாஸ் துணி வைத்துத் தைத்த முழுக்கை வெள்ளைச் சட்டை என்றும் முடிவானது.

வீர நாரியர் விஷயத்தில் நாம் இத்தனை நாள் யோசிக்காமலே இருந்துவிட்டோம். கணவரின் மெடலை நினைவஞ்சலி நிகழ்ச்சிகளில் மனைவியும் பிள்ளைகளும் வலது மார்பில் அணியலாம். தாம்பரத்து மேஜர் முகுந்த் வரதராஜனின் அசோக சக்ரா, 2015 குடியரசு தினத்தில் அவருடைய மனைவியிடம்தான் வழங்கப்பட்டது. ஆனால் புடவையில் எங்கே குத்துவது? பட்டுப் புடவையில் ஊசி இறங்கினால் ஓட்டை விழுகிறது, பருத்தியில் முந்தானையே சரிகிறது. நம் உறுப்பினரின் துணைவியார் ஒருவர் வழி கண்டுபிடித்தார். ரவிக்கையின் வலது பக்கம் உள்ளே ஒரு துண்டு கேன்வாஸ் தைத்து, மெடல் பட்டையை அதில் மாட்டுகிறார். முந்தானை இடது தோளுக்குப் போவதால் மறைப்பதில்லை. மற்றவர்களுக்கும் தைத்துத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். கூலி வாங்க மறுக்கிறார், நாம் கொடுத்துவிட வேண்டும்.

பிராசோ என்னும் பித்தளை பாலிஷ் போட்டு மெடலைத் தேய்ப்பதை நிறுத்தும்படியும் கேட்டுக்கொள்கிறேன். மறைந்த உறுப்பினர் ஒருவரின் மெடலைக் குடும்பத்தார் கொண்டுவந்து காட்டினார்கள். விளிம்பில் எண், ரேங்க், பெயர் வெட்டியிருக்கும் அல்லவா? எண்ணில் பாதி மட்டும் மிச்சம். பெயர் தேய்ந்தே போய்விட்டது. மென்மையான துணியால் துடைத்தால் போதும்.

கல்யாணம், கட்சிக் கூட்டம், தேர்தல் பிரசாரம் ஆகியவற்றுக்கு மெடல் போடுவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டோம். கல்யாணத்துக்கு மட்டும் ஓரிரு முணுமுணுப்பு. பேரன் மாறுவேடப் போட்டிக்குத் தாத்தா மெடலைக் கேட்டால் பொம்மை மெடல் வாங்கிக் கொடுங்கள். அசல் தொலைந்தால் படைவீரர் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸுக்கு நீங்கள்தான் எழுதிக்கொண்டிருப்பீர்கள். ராணுவ வீரர் என்று நம்பவைக்கும் நோக்கத்தோடு அந்த உடையையோ அடையாளத்தையோ அணிபவருக்கு, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நாடகத்தில் நடிக்கும் பையனுக்கு இது பொருந்தாது. நம் தெருக்களில் போலி மெடலோடு நிதி வசூலிக்க யாராவது வந்தால் சண்டை போட வேண்டாம், காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

மெடல்களை வரிசைப்படுத்திப் பட்டையில் கோக்க விரும்புவோர் வரும் ஞாயிறு காலை சங்க அலுவலகத்துக்கு டிஸ்சார்ஜ் புக்கோடு (பணி விவரம் பதிந்த ஓய்வுப் புத்தகத்தோடு) வரவும். மெடலை மட்டும் கொண்டுவந்தால் வரிசை தகராறு மறுபடியும் ஆரம்பிக்கும்.